அட்டை என் கையில் இருந்தபோது போன சேதி

என் கையெழுத்து கோழி கிளறியதைப் போல இருக்கும், எழுத்துப் பிழையும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது, அதனால்தான் எழுதுகிறேன். பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இதையும் நீங்கள் நம்பப் போவதில்லை, ஆனால் நடந்தது.

2003 மழைக்காலம். கொல்லிமலையில், குண்டூர் நாடு என்கிற பகுதியில் இருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் பேட்டரியும் ஜெனரேட்டரும் என் பொறுப்பு. அங்கிருந்த கம்ப்யூட்டர், தனக்குள் செருகியிருந்த ஒரு அட்டையாலும் கூரைமேல் இருந்த ஏரியல் கம்பத்தாலும், அடிவாரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் கம்பி இல்லாமலே சேதி அனுப்பும். அது இரண்டு நாளாக அனுப்பவில்லை. அதைச் சரிபார்க்க முள்ளுக்குறிச்சியிலிருந்து சலீம் தம்பி வந்திருந்தார், மளிகைக்கடை பாய் மகன்.

அந்த வெள்ளிக்கிழமை காலை என் மனைவி பழனியம்மாளுக்கு எட்டாம் மாதத்திலேயே வலி கண்டுவிட்டது. எங்கள் ஆஸ்பத்திரியிலேயே படுக்க வைத்தோம். ரத்தம் நிற்கவில்லை. மழையில் போன் கம்பம் சாய்ந்து கிடந்தது, பஸ்ஸும் மேலே வரவில்லை. ரத்தம் வேண்டும், டாக்டர் வேண்டும், குழந்தையைச் சூடாக வைக்கும் பெட்டி வேண்டும் என்று நர்சம்மா கம்ப்யூட்டரில் அடித்து வைத்துவிட்டு உள்ளே ஓடினார். சேதி நகரவில்லை.

"சேதியத் துண்டு துண்டா வெட்டித்தாங்கண்ணா அனுப்பும். ஒரு துண்டு போனா, போயிருச்சுன்னு அட்டை சொல்லோணும். அது சொல்றது டிரைவருக்குக் கேக்கல, காத்துக்கிட்டே நிக்குது" என்றார் சலீம். டிரைவர் என்றால் அந்த அட்டையை வேலை வாங்குகிற புரோகிராமாம். நான் பேசாமல் நிற்பதைப் பார்த்து, "அட்டையும் உங்களாட்டம் வெக்கப்படுதுங்கண்ணா, வாயே தொறக்க மாட்டேங்குது" என்றார். என்னைத் தேற்றத்தான் சொன்னார், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மதியம் மலைமேல் மஞ்சுமூட்டம் இறங்கி அறைக்குள்ளேயே ஈரம் கோத்துக்கொண்டது. சலீம் அட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்து, "பாங்கு நேரமாயிருச்சுங்கண்ணா. இதக் காய வெய்யுங்க, தொழுதுட்டு வாரேன்" என்று பக்கத்து அறைக்குப் போனார். நான் அதைத் துண்டில் சுற்றி அடுப்போரம் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளேயிருந்து பழனியம்மாள் முனகுவது கேட்டுக்கொண்டே இருந்தது. அவர் திரும்பி வரும்வரை அட்டை என் கையை விட்டு இறங்கவில்லை. இதை எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன்.

அப்புறம் அவர் அட்டையை மாட்டி, புரோகிராமில் எதையோ மாற்றி மாற்றிப் பார்த்து, வெகுநேரம் கழித்து, "போயிருச்சுங்கண்ணா!" என்று கத்தினார். அந்தச் சத்தம் அடங்குவதற்குள் வாசலில் ஜீப் ஹாரன் கேட்டது.

கீழேயிருந்து மேலே வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

டாக்டர் ரத்தத்தோடு இறங்கினார். நர்சம்மா வண்டிக்குள் எட்டிப் பார்த்து, "பொட்டி எங்கங்க சார்?" என்றார்.

"ரத்தமும் டாக்டரும் போதும், கொழந்தைக்கு எதுவும் வேண்டாம்னு நீங்கதானம்மா சேதி அனுப்புனீங்க?"

"நானா? எப்பங்க?"

"பாங்கு சொல்லிட்டிருந்தப்ப வந்துச்சு. பாத்ததும் கிளம்பிட்டேன்."

சலீம் என் கையைப் பார்த்தார். அப்போது என் கையில் துண்டு மட்டும்தான் இருந்தது.

பழனியம்மாள் பிழைத்தாள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் முடிந்திருக்கும் என்றார் டாக்டர். பிறந்தது ஆண். நர்சம்மா தன் சேலைக்குள் வைத்து அணைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பொழுது இறங்குவதற்குள் அதன் மூச்சு நின்றுவிட்டது. அந்தச் சேதி கீழே போனபோது அது வயிற்றுக்குள் துடித்துக்கொண்டுதான் இருந்தது.

அடுத்த நாள் கீழே போய்ப் பார்த்துவிட்டு வந்த சலீம், இரண்டு சேதி வந்திருப்பதாகச் சொன்னார். இரண்டுமே எங்கள் கம்ப்யூட்டரிலிருந்து போனதாகத்தான் காட்டுகிறதாம். இரண்டாவதுதான் நர்சம்மா அடித்தது. "அட்டையே இல்லாம எப்படிங்கண்ணா?" என்று என்னைக் கேட்டார். அதன்பின் அவர் மலைக்கு வரவே இல்லை, வேறு ஆளைத்தான் அனுப்பினார்.

அந்தச் சேதி போகாமல் இருந்திருந்தால் என் மனைவி இல்லை. போனதால் பெட்டி வரவில்லை. அனுப்பியது யாரானாலும் அதைக் கும்பிடவும் முடியவில்லை, திட்டவும் முடியவில்லை.

சில நாள் சோறு போட்டுக்கொண்டே பழனியம்மாள் கேட்பாள்: "அந்த டாக்டரு ஏனுங்க பொட்டியக் கொண்டாரல?"

"மறந்துட்டாரு கண்ணு" என்பேன்.

எழுதி முடித்தது: 2009, கார்த்திகை மாதம், ஞாயிற்றுக்கிழமை.