கற்பூரம் பற்றாத காலை

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஆறு வருஷம் யோசித்தேன். பக்தியில் கதை விடுகிறான் என்பார்கள். அதைவிட, என் முட்டாள்தனம் வெளியே தெரியும். இனியும் மறைத்தால் அம்மனுக்குச் செய்கிற துரோகம் என்று மனசு உறுத்துகிறது.

தாராவியில் எங்களுக்குத் தோல் பை தைக்கிற பட்டறை. ஒரே அறை, ஒரே வாசல். தோல் ஒட்டுகிற சொலூஷன் டிரம்மில் எப்போதும் 'ஃப்ளேமபிள்' என்று இருக்கும். தீப்பிடிக்கும் என்று அர்த்தம், அவ்வளவு தெரியும். ஆறு வருஷம் முன்பு ஒருமுறை வந்ததில் 'இன்ஃப்ளேமபிள்' என்று இருந்தது. நான் ஏழாம் வகுப்பு வரைதான் படித்தவன். ஒரு ஆபீஸில் என் விண்ணப்பத்தை 'இன்கம்ப்ளீட்' என்று திருப்பித் தந்து, முழுசாக இல்லை என்று விளக்கியிருந்தார்கள். அதே கணக்கில், 'இன்' வந்தால் 'இல்லை' என்று எடுத்துக்கொண்டு, இது தீப்பிடிக்காத சரக்கு என்று முடிவு கட்டிவிட்டேன்.

பட்டறைக்கு எது புதிதாக வந்தாலும் பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டுவோம். சொலூஷனுக்கு மட்டும் சந்தில் வைத்து, மூடியோடு, தள்ளி நின்று காட்டுவது. அன்று உள்ளேயே வைத்தேன். சரக்கு கெட்டியாக இருக்கிறதா என்று பார்க்க மூடியையும் திறந்திருந்தேன்.

"வெளிய வச்சே காட்டுங்களேன்," என்றாள் மனைவி.

"இது தீப்பிடிக்காதுளா. டிரம்முலயே போட்டிருக்கான்."

"இங்கிலீஷ் தொர சொன்னா சரிதான்."

தீக்குச்சியை உரசினேன். பொறிகூட வரவில்லை. இரண்டாவது, மூன்றாவது குச்சிக்கு உரசுகிற சத்தமே எழவில்லை. சற்று முன்புதான் அதே பெட்டியில் வீட்டு விளக்கை ஏற்றியிருந்தேன். அப்போது தையல் மிஷின் இரண்டும் ஒன்றாக நின்றன. கரண்ட் இருந்தது. தைத்துக்கொண்டிருந்த இருவருக்கும் ஏன் நிறுத்தினோம் என்று இன்றுவரை சொல்லத் தெரியாது. என் பிடரியில் யாரோ மூச்சு விட்டது போல் இருந்தது. திரும்பினால் சுவர்தான்.

"சாமி வேண்டாங்குது," என்றாள் மனைவி, மெதுவாக.

நான் நான்காவது குச்சியை எடுத்தேன். காலேஜுக்குப் போகிற வழியில் டிபன் எடுக்க வந்த மகள் வாசலில் நின்று டிரம்மைப் படித்தாள்.

"அப்பா, ருக்கோ, நில்லுங்க. குச்சிய பெட்டில வைங்க."

"தீப்பிடிக்காதுன்னுல்ல போட்டிருக்கு."

"அரே, ஃப்ளேமபிள், இன்ஃப்ளேமபிள் ரெண்டுக்கும் ஒரே அர்த்தம்ப்பா. ரெண்டுமே குப்புனு பத்திக்கும்."

கற்பூரத் தட்டோடு சந்துக்கு நடந்து, டிரம்மை விட்டு வெகுதூரம் வந்து, அதே நான்காவது குச்சியை உரசினேன். தொட்டதும் எரிந்தது. அந்த அறைக்குள் ஐந்து பேர் இருந்தோம்.

சொலூஷன், தின்னர் வைத்துப் பிழைக்கிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். அம்மன் உருவெடுத்து வந்தாள் என்று சேர்க்க வேண்டாம், நான் பார்க்கவில்லை. குச்சி நமத்திருந்தது என்று குறைக்கவும் வேண்டாம். அந்த வார்த்தையை நான் தப்பாகப் புரிந்துகொண்டதையும் மறைக்காமல், நடந்ததை நடந்தபடியே சொல்லுங்கள்.