கோடாலி திரும்பிய பக்கம்

என் மகளுக்கு அப்போது நாலு வயது. அப்படியென்றால் தொண்ணூற்றைந்து இருக்கும், இல்லை அதற்கு அடுத்த வருஷம். அடையாற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில், ஆற்றோரக் குடிசையில் இருந்தோம். நான் வீட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

ஐப்பசி மழை. நாள் கணக்கில் கொட்டிவிட்டு அன்று காலையில்தான் விட்டிருந்தது. ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் இல்லை. வீட்டில் இருந்த விறகெல்லாம் ஈரம். முந்தின நாள் அடுப்பே மூட்டவில்லை. பிள்ளைக்கு பன்னும் டீயும் வாங்கிக் கொடுத்துத் தூங்க வைத்தேன்.

அந்த மழையில் எங்கள் தெருமுனைத் தூங்குமூஞ்சி மரம் சாய்ந்தது. பட்டுப்போய் ரொம்ப நாளான மரம். மேலே நனைந்திருந்தாலும் உள்ளே காய்ந்த கட்டை. ஜனம் மொத்தமும் அங்கே போய்விட்டது. கார்ப்பரேஷன் லாரி வந்தால் மரத்தை அள்ளிக்கொண்டு போய்விடும். அதற்குள் எடுத்தால்தான் உண்டு.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம். பெரிய கட்டையை வீட்டுக்கு வீடு பங்கு போட்டுக்கொள்வோம். சிராய் அப்படி இல்லை. கோடாலி விழும்போது தெறிக்கிற சிராய்மேல் யார் முதலில் கால் வைக்கிறார்களோ, அது அவர்களுக்கு. நடுக்கட்டைச் சிராய் நெருப்பு காட்டியதும் பற்றிக்கொள்ளும். மழைக்காலத்தில் அது இல்லாமல் அடுப்பு எரியாது. அதனால் வெட்டுகிறவர் காலடியிலேயே பெண்களும் பிள்ளைகளும் குனிந்து நிற்போம். கோடாலி மேலே போகும்போது காலை நீட்டுவோம். இறங்கும்போது இழுத்துக்கொள்வோம். எங்கள் வரிசையில் ஒருத்திக்கு இதிலே கால் கட்டைவிரல் போயிருந்தது. அவளும் அன்றைக்கு வந்து நின்றாள்.

எதிர்க் குடிசை அக்காவுக்கு ஒரு தம்பி. கோடம்பாக்கத்தில் சினிமா செட் போடுகிற மரவேலைக்குப் போகிறவர். என்னைவிடச் சின்னவர். மழையில் வேலை இல்லாமல் அக்காவைப் பார்க்க வந்திருந்தார். மரவேலை தெரிந்த ஆள் என்று கோடாலியை அவரிடம் கொடுத்தார்கள்.

அவர் உடனே வெட்டவில்லை. கோடாலித் தலையைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். லேசாக ஆடியது. ஒரு ஆப்பு சீவிக் காம்பில் அடித்தார். பிறகு ஒரு வாளித் தண்ணீரில் தலைகீழாக ஊறப் போட்டுவிட்டு, காம்புக் கட்டை உப்பித் தலையைப் பிடிக்கட்டும் என்று உட்கார்ந்தார். எல்லாரும் லாரி வரும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் கோணிச் சாக்கைக் கிழித்து இரண்டு முழங்காலுக்குக் கீழேயும் சுற்றிச் சணலால் கட்டினார். ஆம்பிளைகள் சிரித்துவிட்டார்கள்.

"பேடு கட்டியாச்சி. ஸ்டம்பு எங்க மச்சி?"

அவரும் சிரித்தார். ஊறின கோடாலியை எடுத்துக் கையை முழுசாக நீட்டி மெதுவாக ஒரு சுற்று சுற்றினார். அது எட்டுகிற தூரத்துக்கும் வெளியே காம்பு முனையால் சேற்றில் ஒரு கோடு கிழித்தார். கோட்டுக்குள் ஆள் இருந்தால் வெட்ட மாட்டேன், சிராயை நானே வெளியே தள்ளித் தருகிறேன் என்றார். பெண்களுக்குக் கோபம் வந்தது. எனக்கும்தான். நீ வெட்டி முடிக்கிறதுக்குள் லாரி வந்து மரத்தோடு உன்னையும் ஏற்றிக்கொண்டு போய்விடும் என்று ஒரு கிழவர் சொன்னார். அவரோ, நாங்கள் நகரும்வரை கோடாலியைத் தரையில் ஊன்றிக்கொண்டு நின்றார். நகர்ந்தோம்.

வெட்ட ஆரம்பித்தார். ஒவ்வொரு முறையும் தூக்குவதற்கு முன்னால் முன்னே பார்ப்பார், இரண்டு பக்கமும் பார்ப்பார், தன் காலையும் ஒருமுறை பார்ப்பார். அப்புறம்தான் கோடாலி மேலே போகும். கொஞ்சம் சிராய் சேர்ந்ததும் கோடாலியை மரத்திலேயே கொத்தி நிறுத்திவிட்டு, சிராயைக் காலால் கோட்டுக்கு வெளியே தள்ளுவார். ஓடிப் பொறுக்குவோம். நேரம் ஆனது. ஆனாலும் எல்லார் மடியிலும் கொஞ்சம் சேர்ந்தது.

மகள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். உள்ளங்கை அகலச் சிராய் ஒன்று தெறித்து மரத்தை ஒட்டி விழுந்தது. கால் வைத்தால் நமக்கு என்பது நடக்கப் பழகின நாளிலிருந்து அவள் பார்த்தது. முந்தானையை விட்டுவிட்டு ஓடினாள். கோடாலி அவர் தலைக்கு மேலே போய் அப்போதுதான் இறங்கிக்கொண்டிருந்தது.

நான் கையை நீட்டினேன். எட்டவில்லை.

இறங்குகிற கோடாலியை நிறுத்த முடியாது. மரம் வெட்டினவர்களுக்குத் தெரியும். அது நிற்கவில்லை. திரும்பியது. அவர் உடம்பு மொத்தமும் இடது பக்கம் வளைந்தது. அலகு மரத்தை விட்டு விலகி, பிள்ளையை விட்டு விலகி, அவருடைய இடது காலை ஒட்டிச் சேற்றில் இறங்கியது. பெரிய சத்தம்கூட இல்லை. என் மகள் சிராய்மேல் கால் வைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

அவர் காலில் கோணி பிளந்திருந்தது. உள்ளேயிருந்து சிவப்பு பரவியது.

எல்லாரும் கோட்டைத் தாண்டி ஓடினோம். வெறுங்கால். அவர் தன் காலைக் குனிந்து பார்க்கவில்லை. சேற்றிலிருந்து கோடாலியைப் பிடுங்கி, அலகு மரத்துக்குள் போகும்படி ஓங்கி ஒரு கொத்து கொத்தி நிறுத்தினார். ஓடி வருகிற யார் காலிலும் அது படக்கூடாது. அதைச் செய்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

"பாப்பாவத் தூக்குக்கா," என்று என்னிடம் சொன்னார். தண்ணீர் கேட்கிற மாதிரி இருந்தது குரல்.

அவர் அக்கா மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். யாரோ துண்டை உருவி இறுக்கிக் கட்டினார்கள். ஆட்டோவில் ஏற்றிக் கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அவர் காலை என் மடியில் தூக்கி வைத்துக்கொண்டேன். என் புடவை முழுக்க நனைந்தது. அவர் வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தார். சதைதான் போயிருக்கிறது, எலும்பில் படவில்லை, சாக்கு பாதி வெட்டை வாங்கிக்கொண்டது என்று டாக்டர் சொன்னார். தையல் போட்டார்கள்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவர் அக்கா மாத்திரை வாங்கப் போயிருந்தாள். மகளின் கை மூடியே இருந்தது. அவர் விரலைப் பிரித்துப் பார்த்தார். சிராய்.

"இன்னும் வுடலியா நீ," என்று சிரித்தார்.

நன்றி என்றெல்லாம் எங்களுக்குள் சொல்லிப் பழக்கம் இல்லை. அந்த நேரத்தில் எப்படித் தம்பி யோசித்தாய் என்று கேட்டேன்.

அவர் கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டார்.

"அப்ப எங்கேக்கா யோசிக்கறது. முன்னாடியே யோசிச்சிக்கணும். ஒவ்வொரு வாட்டியும் தூக்கறதுக்கு முன்ன, தப்பாப் போச்சின்னா எங்க போடறதுன்னு ஒரு எடம் பாத்து வச்சிப்பேன். மத்த பக்கமெல்லாம் நீங்க நின்னுகினு இருந்தீங்க. என் கால் பக்கந்தான் காலியா இருந்திச்சி."

அவ்வளவுதான் சொன்னார். அப்புறம் பக்கத்தில் டீ கிடைக்குமா என்று கேட்டார்.

நாங்கள் திரும்பி வருவதற்குள் லாரி வந்து மரத்தை எடுத்துப் போயிருந்தது. அவர் கால் ஆறிக் கோடம்பாக்கம் போய்விட்டார். பிற்பாடு எங்களை ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் குடி வைத்தார்கள். அவர் அக்கா வேறு பக்கம் போனாள். அவர் இப்போது எங்கே இருக்கிறாரோ தெரியாது. கோடாலி வைத்திருக்கிறவரிடம் நான் ஒன்றுதான் கேட்பேன், தப்பாய்ப் போனால் எங்கே போடப் போகிறாய் என்று. பாதிப் பேருக்குக் கேள்வியே புரியாது.

பிள்ளை குறுக்கே வந்த அந்த ஒரு நொடியில் அவர் காலைக் கொடுத்தார் என்றுதான் பார்த்தவர்கள் எல்லாரும் பேசினார்கள். ஆனால் நாங்கள் கிண்டல் பண்ணிக்கொண்டு நின்றபோதே, தூக்கிய ஒவ்வொரு முறையும் அவர் காலைக் கொடுத்துவிட்டுத்தான் கோடாலியைத் தூக்கியிருக்கிறார்.