பூஜையில் மாட்டிக்கொண்ட மருத்துவச்சி

மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்த மறு வருடம், காஜா பெராங்கில் எங்கள் இளைஞர் மன்றத்தின் வாசகசாலை என் தலையில் வந்து விழுந்தது. ஆசிரியர் பயிற்சி முடித்து, அப்போதுதான் தமிழ்ப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். படித்த பெண் சாயங்காலத்தில் சும்மா இருக்கக்கூடாது என்று மன்றத்துக்காரர்கள் முடிவு செய்துவிட்டார்கள். வாசகசாலை என்றதும் பெரிய கட்டடத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். கோயிலுக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட ஒரு பலகை அறை. அதில் ஒரே ஒரு விளக்கு. விளக்குக்குக் கீழே ஒரு கண்ணாடி அலமாரி.

அலமாரி நிறைய வாழ்க்கை வரலாறுகள். பெரும்பாலும் அவரவரே தங்கள் வாழ்க்கையை எழுதியவை. கண் தெரியாத நாதசுரக்காரர், கப்பலில் சமையல்காரராக இருந்தவர், தோட்டத்து மருத்துவச்சி என்று பலதரப்பட்ட மனிதர்கள் அதற்குள் இருந்தார்கள். யார் நன்கொடை கொடுத்தார்களோ, துப்பறியும் கதை ஒன்றுகூட இல்லை. எனக்கு அந்தப் புத்தகங்கள் என்றால் உயிர். டவுனில் ஆங்கிலப் பள்ளிக்கூடங்களில் படித்த நம் பிள்ளைகள், சீமை ராஜாக்களின் பெயர்களை வரிசையாகச் சொல்வார்கள். தங்கள் அம்மா அப்பாவைப் போன்றவர்களும் புத்தகம் எழுதியிருக்கிறார்கள் என்றால் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பை ஒருநாள் நிறுத்திக் காட்டுகிறேன் என்று எனக்கு ஒரு வீம்பு.

எனக்குக் குறுக்கே நின்றவர் மன்றத்தின் செயலாளர். ரப்பர் கிடங்கில் கணக்கு எழுதும் கிராணி. தும்பைப்பூ வெள்ளையில் சட்டை, பையில் இரண்டு பேனா. நல்ல மனிதர்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர் ஒரு சட்டம் போட்டு வைத்திருந்தார். புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கிறவர்கள் அவர் முன்னால் நின்று, அதில் கற்றுக்கொண்ட படிப்பினை என்ன என்று சொல்லவேண்டும். நாதசுரக்காரரின் கதையைப் படித்த ஒரு மாணவன், கண் தெரியாவிட்டாலும் நாதசுரம் வாசிக்கலாம் என்று சொல்லியிருக்கிறான். செயலாளருக்கு அது போதவில்லை. இன்னும் ஆழமாக யோசி என்று நிறுத்தி வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அந்த மாணவன் செயலாளரின் சைக்கிள் மணியைக் கேட்டாலே எதிர்ப்பக்கம் போய்விடுவான். அவனைப் பார்த்து மற்றவர்களும் புத்தகம் எடுப்பதை விட்டுவிட்டார்கள்.

பையன்கள் கேரம் பலகை கேட்டார்கள். விளக்குக்குக் கீழே இருந்த இடத்தில் கேரம் பலகை, அல்லது அலமாரி, இரண்டில் ஒன்றுதான் நிற்கும். நவராத்திரி வரைக்கும் பார்ப்போம் என்றார் செயலாளர். அதற்குள் வாசகர்கள் வராவிட்டால், விஜயதசமியன்று கேரம் பலகை உள்ளே வரும், அலமாரி கோயில் ஸ்டோருக்குப் போகும். ஸ்டோர் என்பது எண்ணெய் டின்களும் எலிகளும் குடியிருந்த இடம். அன்று எனக்கு வந்த கோபத்தில் வீட்டில் இரவுச் சோறு குழைந்துபோனது.

நன்றாக யோசித்துப் பார்த்தேன். நவராத்திரியில் எல்லாப் பிள்ளைகளும் கோயிலுக்கு வருவார்கள். சாமி கும்பிட இல்லை, சுண்டலுக்கு. பூஜை முடிந்து மணி அடிக்கும்வரை வெளியே நின்று கொட்டாவி விடுவார்கள். அந்தக் கொட்டாவி நேரத்தைப் பிடித்தேன். நான்காம் படிவத்தில் படித்த ஒரு பெண், பஸ் ஓட்டுநரின் மகள், தமிழை ஏற்ற இறக்கத்தோடு படிப்பாள். அவள் கையில் மருத்துவச்சியின் புத்தகத்தைக் கொடுத்து, வாசகசாலைப் படியில் உட்கார்ந்து சத்தமாகப் படிக்கச் சொன்னேன். யாரிடமும் யாரும் படிப்பினை கேட்கமாட்டார்கள் என்று வாக்கும் கொடுத்தேன்.

முதல் நாளே மருத்துவச்சி, கங்காணியின் சைக்கிளைத் திருட்டுத்தனமாக எடுத்து ஓட்டப் பழகி, மாட்டுக் கொட்டகைக்குள் போய் விழுந்தாள். சிரிப்புச் சத்தத்தில் கூட்டம் சேர்ந்தது. படித்தவளின் வகுப்புத் தோழி ஒருத்தியும் வந்து உட்கார்ந்தாள். பக்கத்துக் கிராமமான சிட்டி கம்போங்கைச் சேர்ந்தவள். சிட்டிகள் பல தலைமுறைக்கு முன்னால் இங்கே வந்து, சாமியை விடாமல் தமிழை மட்டும் மறந்துபோன நம் ஆட்கள். வீட்டில் மலாய் பேசுகிறவள், கோயிலில் கேட்டுப் பழகிய சில தமிழ்ச் சொற்களைத் தவிர அவளுக்குத் தமிழ் தெரியாது. அவளுக்காக ஒவ்வொரு பக்கமும் முடிந்ததும் இவள் மலாயில் சொல்வாள். மற்றவர்கள் முதலில் முணுமுணுத்தார்கள். பிறகு, மலாயில் சொல்லும்போது மாட்டுக் கொட்டகை இன்னும் பெரிதாகிவிடுகிறது என்று கண்டுபிடித்து, அதற்கும் காத்திருந்தார்கள். கதை எங்கே நின்றாலும் அந்தச் சிட்டிப் பெண், "லெபாஸ் து?" என்று கேட்பாள். அப்புறம் என்ன என்று அர்த்தம். இரண்டு நாளில் எல்லாப் பிள்ளைகளும் அதையே கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

செயலாளரைக் கூட்டிவந்து காட்டினேன். சுண்டலுக்கு வந்த கூட்டத்தை வாசகர் என்று கணக்குக் காட்டாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் இல்லை என்று நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை.

சரஸ்வதி பூஜைக்கு முந்தின நாள், கதை ஆற்றங்கரைக்கு வந்தது. ஜப்பான்காரன் காலம். மழை வெள்ளம். அக்கரையில் ஒருத்தி பிரசவ வலியில் கிடக்கிறாள். மருத்துவச்சி சம்பான் படகில் ஏறுகிறாள். நடு ஆற்றில் விளக்கு அணைந்து, சம்பான் சாய்ந்து, அவளுடைய பை தண்ணீரில் விழுகிறது. அவளும் விழுகிறாள். அந்த இடத்தில் கோயில் மணி அடித்துவிட்டது.

மறுநாள் காலையில் செயலாளர் வாசகசாலைப் புத்தகங்களை எல்லாம் திரட்டி, பஸ் ஓட்டுநர் வீட்டுக்கே போய் மருத்துவச்சியையும் வாங்கிவந்து, பூஜைக்கு அடுக்கிவிட்டார். மேலே பாட்டுப் புத்தகம், சுற்றிலும் சிவப்புப் பட்டு, சந்தனம், குங்குமம். இனி விஜயதசமி காலை வரைக்கும் யாரும் தொடக்கூடாது. பூஜையன்று ஒரு வரி படித்தாலும் படித்ததெல்லாம் மறந்துபோகும் என்பது எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் நம்பிக்கை. வாசகசாலை நடத்துகிற நான் இந்தப் பூஜையை நினைத்துப் பார்க்காமல் கதையைத் தொடங்கி வைத்திருக்கிறேன் பாருங்கள்.

சாயங்காலம் பிள்ளைகள் வழக்கத்தைவிட முன்னாலேயே வந்துவிட்டார்கள். சிவப்பு மூட்டையைச் சுற்றி உட்கார்ந்து அதையே பார்த்தார்கள். மருத்துவச்சி செத்திருப்பாள் என்றான் ஒருவன். சிட்டிப் பெண் தோழியிடம் கேட்டுப் புரிந்துகொண்டு, மலாயில் ஒரு கேள்வி கேட்டாள். செத்துப்போயிருந்தால் இந்தப் புத்தகத்தை யார் எழுதியது? கூட்டமே கைதட்டியது. பிறகு அவளே முகம் வாடி, அப்படியானால் அந்தப் பிள்ளை என்ன ஆனது என்றாள். எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள்.

நான் முன்பே படித்தவள் என்று தெரிந்து என்னைப் பிய்த்தெடுத்தார்கள். பூஜையன்று சொல்வதும் படிப்பதும் ஒன்றுதான் என்று வாயை மூடிக்கொண்டேன். உள்ளுக்குள் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

சத்தம் கேட்டுச் செயலாளர் வந்தார். என்ன கலாட்டா என்று கேட்டவருக்கு, பஸ் ஓட்டுநரின் மகள் கதையை ஆரம்பத்திலிருந்து சொன்னாள். நினைவிலிருந்துதான், புத்தகத்தைத் தொடவில்லை. அவர் நின்றுகொண்டே கேட்டார். சைக்கிளுக்குச் சிரித்தார். ஆற்றங்கரை வந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. நடுவில் கோயில் மணி அடித்தது. சுண்டல் வாங்க ஒரு பிள்ளையும் எழுந்து போகவில்லை. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். சுண்டல் கூட்டம் எழாததை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

பிள்ளைகள் கலைந்த பிறகு என்னிடம் வந்தார்.

"டீச்சர், முடிவு உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும் அண்ணே. சொல்லட்டுமா?"

"வேணாம்." சிவப்புப் பட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நாங்க குருபோங் தோட்டத்துல இருந்தப்ப இதே மாதிரி வெள்ளம். எங்க முதல் பிள்ளைக்கு மருத்துவச்சி வந்து சேரல."

அதோடு ஆறிப்போன சுண்டலைப் பார்க்கப் போய்விட்டார். அவர்மீது சேர்த்து வைத்திருந்த கோபத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் நான் நின்றேன். அழுகை வந்தது.

விஜயதசமி காலையில் கேரம் பலகை வந்து, பழுப்புக் காகிதம் பிரிக்காமல் சுவரில் சாய்ந்திருந்தது. பலகை கேட்ட பையன்களும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. பெண்கள் ஈரத் தலையோடு வந்திருந்தார்கள். கற்பூரம் காட்டியதும் செயலாளர் பட்டைப் பிரித்தார். முதலில் பாட்டுப் புத்தகத்தை எடுத்துப் பாடுவது முறை. அவர் அந்த ஆண்டு பாடிய வேகத்தை சரஸ்வதி மன்னிக்கவேண்டும். பாடிவிட்டு, அடியிலிருந்து குங்குமம் அப்பிய மருத்துவச்சியை உருவி எடுத்து, பஸ் ஓட்டுநரின் மகளிடம் கொடுத்தார். கொடுத்துவிட்டு, சலவை வேட்டியோடு பிள்ளைகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்தார்.

அவள் படித்தாள். பை போனால் போகிறது என்று மருத்துவச்சி நீந்தினாள். கரையேறினாள். ஒரு கத்தியை வெந்நீரில் கொதிக்கவைத்து, தன் புடவைக் கரையைக் கிழித்து நூலாக்கினாள். நீலம் பாரித்துப் பிறந்த பிள்ளையைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டினாள், மறுபடியும் தட்டினாள். பிள்ளை அழுதது.

படிக்கிறவள் பக்கத்தைத் திருப்ப நிறுத்தினாள். வழக்கமாகக் கேட்கிற சிட்டிப் பெண்கூடத் தோழியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

செயலாளர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டே, "லெபாஸ் து?" என்றார்.