முப்பத்தெட்டுத் துறைகளும் ஒரு லிஃப்டும்

மின்னல் என்பது அவளுடைய விரல்களுக்காகச் சக ஊழியர்கள் வைத்த பெயர். நாடாளுமன்றத்தில் உறுப்பினர்கள் பேசுவதைச் சுருக்கெழுத்தில் எடுப்பது அவள் வேலை. இருபத்திரண்டு வருடமாகச் சபாநாயகரின் இருக்கைக்குக் கீழே அதே சின்ன மேசை. யார் கத்தினாலும் நிமிர்ந்து பார்க்கமாட்டாள். வீட்டுக்கு வந்து, எல்லோருக்கும் சேர்த்து அவள் கத்துவாள்.

அதைக் கேட்கும் பாவம் அக்காவுக்கு. அக்கா அரசு மருத்துவமனையில் நர்ஸ். அறுவை அரங்கம் மூன்றாவது மாடியில். லிஃப்ட் நின்றுபோய் நான்கு வருடம். நோயாளிகளை ஸ்ட்ரெச்சரோடு தூக்கிப் படியேறி அவளுடைய இடுப்பு விட்டுப்போயிருந்தது.

"ஒவ்வொரு காசுக்கும் அரசாங்கம் உங்க சபையில அனுமதி கேட்கணும்னு பெருமையா சொல்லுவியே. எங்க லிஃப்டைப் பத்தி ஒருத்தராவது வாய் திறந்தாங்களாடி?"

"இந்த வருஷம் திறப்பாங்க. ஒரு உறுப்பினர் வெட்டுத் தீர்மானம் குடுத்திருக்கார்."

"ஏற்கெனவே ஒண்ணும் இல்ல. இதுல எதை வெட்டப்போறாராம்?"

சுகாதாரத் துறை கேட்கும் தொகையில் பெயருக்கு நூறு ரூபாயைக் குறைக்கச் சொல்வதுதான் அந்தத் தீர்மானம். நூறு ரூபாய் வெறும் சாக்கு. அதைப் பிடித்துக்கொண்டு லிஃப்டைப் பற்றிப் பேசலாம். அமைச்சர் எழுந்து பதில் சொல்லியாக வேண்டும்.

ஆனால் துறைகளின் செலவை விவாதிக்க ஒதுக்கிய பன்னிரண்டு நாளில் ஐந்து நாள், யார் யாரைப் பார்த்துச் சிரித்தார் என்ற சண்டையிலேயே போயிற்று. கடைசி நாள் மாலை ஐந்து மணி ஆனதும், விவாதிக்காத துறைகள் அத்தனையையும் ஒரே மூச்சில் வாக்குக்கு விட்டுவிடுவார்கள். அவையில் அதற்குக் கில்லட்டின், அதாவது தலைவெட்டும் இயந்திரம், என்று பெயர். கழுத்து யாருடையது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

முப்பத்தெட்டுத் துறைகள். பதினோரு நிமிடம். பள்ளிக்கூடம், அணை, துப்பாக்கி, மருந்து எல்லாம் "ஆம்", "ஆம்" என்று ஓடின. ஒரு கிலோ தக்காளி வாங்குகிறவர்கூட இதைவிட அதிக நேரம் புரட்டிப் பார்க்கிறார். அவர் தன் காசைக் கொடுக்கிறார்; அவையில் இருந்தவர்கள் ஊரார் காசைக் கொடுத்தார்கள்.

சுகாதாரத் துறை வந்தபோது, மின்னலின் மேசைக்குப் பக்கத்து வரிசையில் அந்த உறுப்பினர் எழுந்தார். "லிஃப்ட் நாலு வருஷமா ஓடல" என்றார். மைக் உயிரில்லாமல் கிடந்தது. சபாநாயகர் அடுத்த துறைக்குப் போய்விட்டார்.

அவை கலைந்ததும் தாழ்வாரத்தில் அவர் அவளை மடக்கினார். கையில் ஆறு பக்கம்.

"பேசினதா சேர்த்துடுங்கம்மா. நல்ல விஷயம்தானே."

அக்காவின் இடுப்பு நினைவுக்கு வந்தது. கை நீளப் பார்த்தது. இழுத்துக்கொண்டாள்.

"பேசாததை எழுத மாட்டேன் சார். அஞ்சு நாள் கூச்சல் போட்டீங்க, அது மொத்தமும் எழுதியாச்சு. லிஃப்டுக்கு நீங்க குடுத்தது நாலு வார்த்தை. அந்த நாலும் இருக்கும்."

அன்று இரவு அவள் எழுதியதைச் சரிபார்த்த தலைமைப் பதிவாளர், அந்த நாலு வார்த்தைக்கு வந்ததும் சிவப்புப் பென்சிலை எடுத்தார். "மைக் இல்லாமப் பேசினதெல்லாம் பேச்சாம்மா?"

"சபாநாயகர் நீக்கச் சொல்லலையே சார். அடிக்கணும்னா அடிங்க. பக்கத்துல உங்க கையெழுத்தை மட்டும் போட்டுடுங்க."

கையெழுத்து என்றதும் பென்சில் மேசைக்குத் திரும்பியது. நாலு வார்த்தையும் அச்சேறின.

பதிவில் ஏறிய புகாருக்குத் துறை எழுத்தில் பதில் தர வேண்டும் என்பது அந்த அவையின் விதி. நாற்பது நாள் கழித்துப் பதில் வந்து, அதுவும் பதிவில் அச்சானது. ஒரு பிரதியை மின்னல் வீட்டுக்குக் கொண்டுவந்து வாசித்தாள்.

"மேற்படி லிஃப்டின் பழுதுபார்ப்புக்கு அவை நான்கு ஆண்டுகளாக ஒப்புதல் அளித்துவருகிறது. தொகை முழுவதும் செலவிடப்பட்டது. லிஃப்ட் நல்ல முறையில் இயங்கிவருகிறது."

அக்கா இடுப்பில் வைத்திருந்த வெந்நீர்ப் பையை எடுத்துக் கீழே வைத்தாள்.

"நல்ல முறையிலயா? இன்னொரு தடவை படி."

மின்னல் படித்தாள்.

"இந்த மாதிரிப் புளுகைத்தான் இருபத்திரண்டு வருஷமா உட்கார்ந்து எழுதுறியா? அப்போ நீயும் கூட்டுக் களவாணிதான்."

"எழுதி வெச்சாத்தான்க்கா புளுகுன்னு நாளைக்குக் காட்ட முடியும்."

"யார்கிட்ட காட்டினே இதுவரைக்கும்?"

அக்கா அந்தத் தாளை வாங்கி நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை அது லிஃப்ட் கதவில் ஒட்டியிருந்தது. ஸ்ட்ரெச்சரை இறக்கிவைத்து மூச்சு வாங்கியவர்கள் படித்தார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குச் சத்தம் போட்டுப் படித்துக் காட்டினார்கள். பதினோரு மணிக்கு நிர்வாக அதிகாரி வந்து கிழித்தெறிந்தார்.

மதியம் மின்னலின் மேசைத் தொலைபேசி ஒலித்தது.

"கிழிச்சுட்டாங்கடி. வேற இருக்கா?"

"அச்சான பதிவுக்கா. யார் கேட்டாலும் குடுத்தாகணும். எத்தனை வேணும்?"

"மாடிக்கு ஒண்ணு. அதிகாரி ரூம் வாசலுக்கு ரெண்டு."