பதினோரு கடலையும் மாமாவின் காலும்

எங்கள் பெரியப்பா தன் வாழ்நாளில் ஒரு தடவைகூடப் பந்தை உதைத்ததில்லை. ஆனால் யார் உதைக்கலாம், யார் உதைக்கக் கூடாது என்பது அவருக்குத் தெளிவாகத் தெரியும். இளம் வயதில் பாண்டிச்சேரியில் ஒரு துணிக்கடையில் இரண்டு வருடம் வேலை பார்த்தபோது பிடித்த பைத்தியம் அது. துணிக்கடை வேலை போய்விட்டது, பைத்தியம் போகவில்லை. ஊருக்குத் திரும்பி, சர்க்கரை ஆலையில் கரும்பு வண்டிகளுக்கு எடை எழுதும் வேலையில் சேர்ந்த பிறகும், எடை மேடையில் நின்று லாரிக்காரர்களிடம் கால்பந்து பேசுவார். அவர்களும் எடை கொஞ்சம் பார்த்துப் போடட்டும் என்று தலையாட்டிக் கேட்டுக்கொள்வார்கள்.

தியாகதுருகத்துக் கோட்டை மலை கண்ணுக்குத் தெரிகிற ஊர் எங்களுடையது. கடலை அறுவடை முடிந்த எங்கள் மேட்டுக் கொல்லைதான் ஊருக்கு மைதானம். கொல்லை எங்களுடையது, பந்து வாங்கிக் கொடுத்ததும் அப்பா. அதனால் டீமுக்கு அப்பாதான் மேனேஜர். பெரியப்பாவுக்கு எந்தப் பொறுப்பும் கிடையாது. ஆகவே அபிப்பிராயங்களுக்குக் குறைவில்லை.

சாயங்காலம் ஆலையிலிருந்து வந்ததும் முறத்தில் பச்சைக் கடலையைப் பரப்பி என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வார். எனக்கு அப்போது ஒன்பது வயது. மூன்று பருப்புக் கடலைகளை எடுத்துப் பின்னால் வைப்பார், அவை பேக்குகள். ஒற்றைப் பருப்புக் கடலைகள் முன்னால் ஓடுகிறவர்கள். கோல் கீப்பருக்கு மட்டும் முறம் முழுக்கத் தேடிச் சொத்தையில்லாத, கெட்டியான ஒன்றை எடுப்பார். வீட்டுக்குக் கடைக்கால் எப்படியோ அப்படி டீமுக்குக் கோலி என்பது அவர் கட்சி. உயிர் நண்பர்கள் இருவர் இருந்தால் ஒருவனை வெளியே உட்கார வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அவர்கள் இரண்டு பேருக்குள்ளேயே பந்து போய்வரும். புது மாப்பிள்ளையை ஆறு மாதத்துக்கு எடுக்கக் கூடாது. கோல் போடுகிறவனுக்குக் கைதட்டல் இருக்கிறது, தடுக்கிறவனுக்கு ஒரு கரண்டி சோறாவது கூடப் போட வேண்டும். இப்படி நிறையச் சொல்வார். நான் கேட்டுக்கொண்டே ஒரு தடவை இடது பேக்கை உரித்துத் தின்றுவிட்டேன். பெரியப்பா என் காதைத் திருகிவிட்டு, முறம் முழுக்க வேறொரு பேக்கைத் தேடினார்.

அப்பாவின் முறை வேறு. அவர் தெருவுக்கு ஓர் ஆள் என்று எடுப்பார். பெரிய தெருவுக்கு இரண்டு பேர். யாருக்கும் மனக்குறை இருக்காது, பனியன் வாங்க எல்லாத் தெருவும் பணம் கொடுக்கும். மிச்சம் இருந்த கோல் கீப்பர் இடம் என் மாமாவுக்கு, அதாவது அம்மாவின் தம்பிக்கு.

மாமா பத்தாம் வகுப்பில் தவறிய பிறகு எங்கள் வீட்டோடு வந்து தங்கிவிட்டவர். மோட்டார் போடுவது, மடை திருப்புவது, என்னைப் பள்ளிக்கூடத்தில் விடுவது எல்லாம் அவர்தான். நல்ல உயரம். மஞ்சள் பனியனைப் போட்டுக்கொண்டு இரண்டு கம்பத்துக்கும் நடுவில் கைகளை அகட்டி நின்றால் அசல் கோலி மாதிரியே இருப்பார். பந்து வராத வரைக்கும் ஒரு குறையும் சொல்ல முடியாது.

அது இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கத்து ஜனங்கள் சாலையில் உட்கார்ந்த காலம். டீக்கடை, களத்துமேடு, கல்யாண வீடு எங்கே போனாலும் அதே பேச்சு. எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு எப்படியோ சுற்றி வந்து கால்பந்தில் முட்டிக்கொள்ளும்.

"தெருவுக்கு ஒருத்தன்னு எடுத்தா அதுக்குப் பேரு டீமாடா? பஞ்சாயத்து" என்பார் பெரியப்பா.

"ஏண்ணே, ரோட்டுல ஒக்காந்துகினு நாம இன்னா கேக்குறோம்? பங்குதான? அங்க கேட்டுட்டு இங்க வாணாங்கறீங்களா?"

"பங்கு குடு, நான் வாணாங்கல. ஒன் லிஸ்ட்டுல எல்லாத் தெருவும் கீது. காலனி எங்கடா? மலை எங்க?"

உடனே அப்பா மோட்டார் கொட்டகைச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

மலை என்று பெரியப்பா சும்மா சொல்லவில்லை. கள்ளக்குறிச்சிச் சந்தையில் கல்வராயன் மலையிலிருந்து வந்த பலாப்பழ லாரி ஒன்றைப் பார்த்திருக்கிறார். மேலே இருந்து ஒருவன் பழத்தை வீச, கீழே ஒரு மலைக்கார அண்ணன் இரண்டு கையாலும் பிடித்து நெஞ்சோடு அணைத்து, அடிபடாமல் தரையில் வைத்துக்கொண்டே இருந்திருக்கிறார். லாரி காலியாகும் வரை ஒரு பழம்கூட நழுவவில்லையாம். பெரியப்பா காய்கறி வாங்க மறந்து வெறும் பையோடு வந்தார். "முள்ளு பழத்தையே புடிக்கிறவனுக்குப் பந்து இன்னா கணக்கு?" என்று அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த வருடம் எங்கள் டீம் இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டது. எப்படி வந்தது என்பது அப்பாவுக்கே ஆச்சரியம். எதிரில் திருநாவலூர். பெரியப்பா ஆலைக்கு லீவு போட்டு, வெற்றிலை பாக்கோடு மலையேறி, அந்த ஊர்ப் பெரியவரைக் கேட்டார். சாமைக்குக் களையெடுக்கிற நேரம், ஒரே ஒரு நாள்தான் ஆளை விடுவேன் என்று அவர் சொல்லிவிட்டார். அந்த ஒரு நாளை வாங்கிக்கொண்டு பெரியப்பா திரும்பினார்.

வீட்டில் அதற்குப் பிறகு நடந்ததுதான் சண்டை. மச்சானை வெளியே உட்கார வைக்க முடியாது என்றார் அப்பா. ஆட்டத்தை வேடிக்கை பார்க்க ரிஷிவந்தியத்திலிருந்து பெண் வீட்டார் வருகிறார்கள், அவர்கள் முன்னால் என் தம்பியை ஓரமாக நிறுத்துவீர்களா என்று அம்மா அழுதாள். மாமாவுக்கு அப்போதுதான் ஓர் இடம் கூடி வந்திருந்தது. பெண்ணின் படம்கூட வந்துவிட்டது, மாமா அதைப் பஞ்சாங்கத்துக்குள் வைத்திருந்தார். பெரியப்பா கேட்கவில்லை. அம்மா அவருக்குத் தட்டை வைக்கும் சத்தம் நாளுக்கு நாள் கூடியது. கடைசியில் பெரியப்பா தியாகதுருகத்தில் ஓட்டலில் சாப்பிட ஆரம்பித்தார். "பாகத்தைப் பிரிச்சிக்கலாம், அவங்கவங்க வூட்ட அவங்கவங்க பாத்துக்கலாம்" என்று ஒரு நாள் சொல்லியும்விட்டார். கல்யாணம் செய்துகொள்ளாத மனிதர் அவர். இந்த வீட்டை விட்டால் அவருக்குப் போக ஓர் இடம் கிடையாது. நான் முறத்தை எடுத்துக்கொண்டு அவர் பின்னாலேயே திரிந்தேன்.

மாமா மட்டும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மடை திருப்பப் போய்விட்டார். மலைக்காரரின் பெயரைப் பன்னிரண்டாவது ஆளாக எழுதிக்கொடுப்பது என்று முடிவாயிற்று. அதில் யாருக்கும் நஷ்டமில்லை. ஏனென்றால், ஆடுகிறவனுக்கு அடிபட்டால் மட்டும்தான் பன்னிரண்டாவது ஆள் இறங்கலாம் என்பது பந்தய விதி.

ஆட்டத்தன்று விடியற்காலையில் மறியல் ஆரம்பித்தது. சாலையோரத்துப் புளிய மரங்கள் குறுக்கே சாய்ந்து கிடந்தன. ஒரு பஸ் இல்லை. அந்த நாட்களில் மற்ற ஊர்களில் நடந்தவற்றை நினைத்துச் சிரிக்க முடியாது. எங்கள் ஊரில் போலீஸ் வேன் ஒன்று மெயின் ரோட்டில் நின்றதோடு சரி. முதல் நாளே வந்து பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த திருநாவலூர்க்காரர்களும் திரும்பிப் போக வழியில்லாமல் இருந்ததால், ஆட்டத்தை நடத்திவிடுவது என்று பெரியவர்கள் தீர்மானித்தார்கள். வேறு போக்கிடம் இல்லாத ஜனம் அத்தனையும் எங்கள் கொல்லையில் கூடிவிட்டது. பெண்ணின் தாய்மாமன் மரங்களைத் தாண்டச் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். மலைக்கார அண்ணன் மட்டும் வரவில்லை. பெரியப்பா ஆட்டத்தைப் பார்க்கவே இல்லை, மேற்கே வண்டிப்பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

முதல் பாதியில் மாமா இரண்டு கோல் விட்டார். ஒன்று கால்களுக்கு நடுவில் போயிற்று. நாங்கள் ஒன்று போட்டிருந்தோம்.

இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் வண்டிப்பாதையில் ஓர் ஆள் தெரிந்தது. வேட்டியை மடித்துக் கட்டி, தோளில் துண்டோடு, புழுதியாக. மலையிலிருந்து இருட்டோடு கிளம்பி நடந்தே வந்திருக்கிறார். பெரியப்பா ஓடிப் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அப்போதுதான் பின்னால் "ஐயோ" என்று சத்தம் கேட்டது. திரும்பினால் மாமா கோல் கம்பத்தடியில் இடது காலைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். பந்து அந்தக் கோடியில் இருந்தது.

அப்பாவும் இன்னொருவரும் மாமாவைத் தூக்கி வந்து என் பக்கத்தில் கிடத்தினார்கள். அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். மலைக்கார அண்ணன் மஞ்சள் பனியனை வேட்டிக்கு மேலேயே மாட்டிக்கொண்டு இறங்கினார். அதற்குப் பிறகு வந்த பந்தையெல்லாம் நெஞ்சோடு அணைத்து, நசுங்கிவிடுமோ என்பதுபோல் மெதுவாகத் தரையில் வைத்தார். ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது, பிறகு சிரிப்பை விட்டுக் கத்த ஆரம்பித்தது. மூன்றுக்கு இரண்டு என்று ஜெயித்தோம்.

அன்று சாயங்காலம் பெரியப்பா வீட்டில் சாப்பிட்டார். மலைக்காரருக்கும் அம்மாதான் பரிமாறினாள். தட்டு சத்தமே கேட்கவில்லை. "டீம் எடுக்குறதுன்னா இன்னான்னு இப்பத் தெரியுதாடா?" என்று பெரியப்பா கேட்க, அப்பா சிரித்துக்கொண்டே "தெரியுதுண்ணே, தெரியுது" என்றார். மாமா சுவரோரம் காலை நீட்டி உட்கார்ந்து, ஆமாம் ஆமாம் என்றார். நான் முறத்தை மறுபடி பெரியப்பாவின் பக்கத்தில் வைத்தேன்.

மாமாவின் காலுக்கு வேப்பெண்ணெய் தடவும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். காலில் வீக்கமே இல்லை. மூன்றாம் நாள் அவர் வலது காலை நொண்டி நடந்தார். அம்மாவுக்கு முதுகுப் பிடிப்பு அடிக்கடி இடம் மாறும், வாயு அப்படித்தான் என்பாள். சுளுக்கும் அப்படியோ என்று நினைத்து, "மாமா, நேத்து இடது காலுதான?" என்று கேட்டேன். "ஆமா இல்ல?" என்று மாமா காலை மாற்றிக்கொண்டார். பிறகு எனக்கு ஒரு தேன்மிட்டாய் வாங்கிக் கொடுத்தார்.

திருநாவலூர்க்காரர்கள் சும்மா இருக்கவில்லை. கீழே விழுந்தது நடிப்பு என்று புகார் எழுதிக் கொடுத்திருந்தார்கள். கமிட்டியிலிருந்து யாராவது வந்து பார்ப்பார்கள், நடிப்பென்று தெரிந்தால் கோப்பை திரும்பப் போய்விடும் என்று ஊரில் பேச்சு. எங்கள் பெரியப்பா கோப்பையை முறத்துக்குப் பக்கத்தில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். "விழுந்தவன் காலு வீங்கிக் கெடக்கு, நடிப்பாம்" என்று அவர்களைத் திட்டினார்.

ஒன்பதாம் நாள், பாதை திறந்து பஸ் ஓட ஆரம்பித்ததும், ரிஷிவந்தியத்திலிருந்து தாய்மாமனும் இன்னும் இரண்டு பேரும் வந்தார்கள். மைதானத்திலிருந்து தூக்கிப் போன மாப்பிள்ளையின் காலை நேரில் பார்த்துவிட்டுப் போக வந்திருக்கிறார்கள் என்று இப்போது தெரிகிறது. கூடத்தில் பாய் விரித்து உட்கார வைத்திருந்தோம். கமிட்டியிலிருந்து யாரும் இல்லை, ஊர்க்காரர்களும் இல்லை. மாமா வெள்ளை வேட்டி சட்டையில், தலை வாரி, உள்ளறையிலிருந்து வெளியே வந்தார். நேராக, நிமிர்ந்து, ஆறு அடி நடந்தார்.

கோப்பை போய்விடுமே என்று எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எண்ணெய்க் கிண்ணத்தோடு எழுந்து, "மாமா! காலு! இடது காலு!" என்று கத்தினேன்.

மாமா நின்றார். என்னைப் பார்த்தார், பிறகு கோப்பைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியப்பாவைப் பார்த்தார். பெரியப்பாவின் முகம் மாறிக்கொண்டு வந்தது. அப்புறம் மாமா இடது காலை இழுத்து இழுத்து நடந்து வந்து பாயில் உட்கார்ந்தார். "இன்னும் வலி கம்மியாவல" என்றார். ராத்திரியெல்லாம் மாமா வலியில் துடிக்கிறார் என்று நான் வேறு சொல்லிவைத்தேன். தாய்மாமன் டம்ளரைக் கீழே வைத்து, "காலு நல்லா ஆவட்டுங்க, அப்பால பேசிக்கலாம்" என்றார்.

அவர்கள் மறுபடி வரவில்லை. புகாரும் தானே அடங்கிவிட்டது. அது அடங்கிய மறுநாள் மாமா என்னை நடத்தியே பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டார். காலில் ஒரு குறையும் இல்லை. பெரியப்பா அதற்குப் பிறகு டீம் பற்றிப் பேசினார்தான், ஆனால் மாமா உள்ளே வந்தால் நிறுத்திக்கொள்வார். முறத்தில் கோலிக்கு என்று கடலை தேடுவதும் நின்றுபோயிற்று. ஏன் என்று கேட்டேன். "கண்ணு தெரியல" என்றார்.

பஞ்சாங்கத்துக்குள் இருந்த படத்தைத் திருப்பி அனுப்பிய அன்று அம்மா அழுதாள். மாமாவுக்குக் கல்யாணமானால் தனிக்குடித்தனம் போய்விடுவார் என்று யாரோ சொல்லி நான் பயந்துகொண்டிருந்தேன். இனி அவர் எங்கேயும் போகமாட்டார். அந்தச் சந்தோஷத்தில் எண்ணெய்க் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, மாமாவின் முதுகில் ஏறிக் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். என்னைச் சுமந்துகொண்டு அவர் கொல்லை முழுக்க ஓடினார்.