அனுமதிக்கலாமா, தடுக்கலாமா?

கணினிக்குள் இருக்கும் எந்த நிரல் வெளியுலகத்தோடு பேசலாம், எது பேசக்கூடாது என்று தீர்மானிப்பதுதான் என் பிழைப்பில் பாதி. ஃபயர்வால் என்ற அந்தக் காவல் ஏற்பாட்டை, தஞ்சாவூரைச் சுற்றியுள்ள மில், கடை, ஸ்கேன் சென்டர் என்று போய் அமைத்துக் கொடுக்கிறேன். உங்கள் கணினியிலும் ஒரு சின்னப் பெட்டி திடீரென்று எழும்பி, வாயில் நுழையாத பெயர் ஒன்றைக் காட்டி, அனுமதிக்கலாமா என்று கேட்டிருக்கும். நீங்களும் படிக்காமல் ஏதோ ஒன்றை அழுத்தியிருப்பீர்கள். வெட்கப்பட வேண்டாம், நானும் அழுத்தியவன்தான்.

கேட்டால் சரி

மன்னார்குடி பக்கம் ஓர் அரிசி மில். அலுவலகக் கணினி நகரவே மாட்டேன் என்கிறது என்று கூப்பிட்டார்கள். அனுமதிப் பட்டியலைத் திறந்தால் முடிவே இல்லை. சீட்டு விளையாட்டு, கல்யாண ஆல்பம் செய்யும் நிரல், எங்கிருந்து வந்ததென்றே தெரியாத ஒன்று. அந்தக் கடைசி ஆசாமி மில்லின் விவரங்களைச் சத்தமில்லாமல் வெளியே அனுப்பிக்கொண்டிருந்தான்.

இதற்கெல்லாம் யார் அனுமதி கொடுத்தது என்று கேட்டேன். ஆபீஸைப் பார்த்துக்கொள்ளும் அனுசுயா அக்கா நிதானமாகச் சொன்னார்: "நான்தான் சார். ஒவ்வொண்ணும் என்கிட்ட கேட்டுட்டுத்தானே போச்சு. கேக்காம போறதத்தானே நீங்க தடுக்கணும்?"

எழுத்தும் எண்ணுமாக ஒரு பெயர்

திருத்துறைப்பூண்டியில் ஒரு ஸ்கேன் சென்டர். காலையில் போய் வேலையை ஆரம்பித்தேன். எழுத்தும் எண்ணும் கலந்த பெயரில் ஒரு நிரல் வெளியே போய்க்கொண்டிருந்தது. ஸ்கேன் எடுக்கும் அமுதாவிடம் கேட்டிருக்கலாம். அவர் உள்ளே ஒரு நோயாளியோடு இருந்தார். காத்திருக்கப் பொறுமையில்லாமல் அதைத் தடுத்துவிட்டு, என் கடவுச்சொல்லால் பூட்டிவிட்டுக் கிளம்பினேன்.

மத்தியானம் வண்டியை நிறுத்தி போனை எடுத்துப் பார்த்தால், அமுதாவிடமிருந்து ஏழு அழைப்புகள். வைக்கோல் கட்டு ஏற்றிய டிராக்டரிலிருந்து விழுந்த முருகையன் என்பவரை அழைத்து வந்திருக்கிறார்கள். தலையில் அடி, வாந்தி. ஸ்கேன் எடுத்தாயிற்று. படம் தஞ்சாவூர் டாக்டருக்குப் போகவில்லை. அதை அனுப்புவதுதான் நான் தடுத்த நிரலின் வேலை. ரோட்டோரத்தில் நின்றபடியே கடவுச்சொல்லைச் சொன்னேன். அமுதா தடையை நீக்கினார். படம் போனது. மண்டைக்குள் ரத்தம் கசிகிறது, ஆளை உடனே இங்கே அனுப்புங்கள் என்றார் டாக்டர். ஆம்புலன்ஸ் கிளம்பியபோது முக்கால் மணி நேரம் வீணாகியிருந்தது.

முருகையன் பிழைத்துக்கொண்டார். ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பிவிட்டார் என்று தெரியும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்புறம் சென்டருக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அமுதா கோபப்படவில்லை. "நீங்க தடுத்தது தப்பில்ல சார். என்ன ஏதுன்னு எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றார்.

தானாக நகரும் அம்புக்குறி

பேராவூரணியில் தேங்காய் வியாபாரம் செய்யும் ராஜேந்திரன் ஐயா தனியாக இருக்கிறார். மனைவி இறந்து இரண்டு வருடம். அவர் கணினியில், வெளியிலிருந்து ஒருவர் உள்ளே நுழைந்து இயக்க வழிசெய்யும் நிரல் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. திருடர்களுக்குப் பிடித்த வழி அது. இந்த முறை கேட்டேன்.

மெல்போர்னில் இருக்கும் மகள் போட்டுக் கொடுத்ததாம். மகளையே போனில் பிடித்து உறுதி செய்துகொண்டு, அவள் ஒருத்தி மட்டும் வரும்படி வழியைச் சுருக்கினேன். அப்படி என்ன வேலை செய்வாள் என்று கேட்டேன். ஐயா திரையைப் பார்த்தபடி சொன்னார்: "பெருசா ஒண்ணும் இல்ல தம்பி. இங்க விடியறதுக்கு முன்னாடியே அம்புக்குறி தானா நகரும். புள்ள எந்திரிச்சிட்டா, நல்லாருக்கான்னு தெரிஞ்சுக்குவேன்."

இப்போதெல்லாம் எந்த நிரலைத் தொடுவதற்கு முன்னும் அங்கிருப்பவர்களிடம் அரை மணி நேரம் பேசிவிடுகிறேன், அதனால் வேலை தெரியாமல் வாயடிக்கிற ஆள் என்று எனக்கு இரண்டு ஊரில் பெயர் வந்திருக்கிறது.