இடது கண்ணுக்குச் செய்த ரைபிள்

முப்பது வருடம் ஆயுதப்படையில் துப்பாக்கிகளைப் பழுதுபார்த்து ஓய்வுபெற்ற குற்றாலிங்கத்தை, வீட்டில் மிக்ஸியைக்கூடத் தொட விடுவதில்லை. ஆனால் சங்கரன்கோவில் வட்டாரத்தில் பழைய துப்பாக்கி என்றால் அவர் சொன்னதுதான் தீர்ப்பு.

அன்று வந்தவர்கள் பங்காளிகளான சங்கரசுப்புவும் பேச்சிராஜும். அந்தக் காலத்தில் ஊருக்குள் வந்த சிறுத்தையைச் சுட்ட ரைபிள் யாருடைய தாத்தாவுடையது என்பது வழக்கு. தோற்றவன், ரைபிள் உரிமத்தைத் தன் பேருக்கு மாற்றப் போட்ட மனுவை வாபஸ் வாங்கிவிட வேண்டும்.

குற்றாலிங்கம் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு ரைபிளைத் தோளில் ஏந்தினார். தோளில் பதியும் மரக்கட்டை, முகத்தைச் சுற்றிக்கொண்டு இடப்பக்கம் வளைந்து போனது.

"மழையில கோணிட்டுல்லா, அண்ணாச்சி?" என்றான் பேச்சிராஜ்.

"மழையாவது மண்ணாவது! மர ரேகை நேரா ஓடுது, கட்டைதான் வளையுது. ஆளுக்குத் தக்கன சொல்லி இழைச்ச வேலை வே. வலது தோள்ல வச்சு இடது கண்ணால குறிபாக்கணும். வச்சிருந்த ஆளுக்கு வலது கண்ணு தெரியாது."

இரண்டு தாத்தாக்களும் அண்ணன் தம்பிகள். 'ஒத்தைக் கண்ணன் வீடு' என்று எவனாவது சொன்னால் இரு வீட்டிலும் அரிவாள் எடுப்பார்கள். அறுபது வருடம் கட்டிக் காத்த அந்த மானம் அரை நிமிடம் யோசித்தது.

"எங்க தாத்தாவுக்குத்தான் வலது கண்ணு பொட்டை!" என்று நெஞ்சை நிமிர்த்தினான் சங்கரசுப்பு.

"ஏலே, எங்க தாத்தாவுக்கு ரெண்டு கண்ணுமே தெரியாதுலே!" என்றான் பேச்சிராஜ்.

"அப்பம் சிறுத்தைய எவன் வே சுட்டான்?" என்று கேட்டுவிட்டு, குற்றாலிங்கம் ரைபிளைச் சங்கரசுப்புவிடம் நீட்டினார்.